பின்னால் போகாத வண்டி

‘டமார்’ என்று வண்டிக் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் எனக்குப் பக்கத்தில் நின்று பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிமியே அக்காவின் கை அப்படியே நின்றது. மறுபடியும் ‘டமார்’.

“கேட்டியா சயோ? என் கதவ அடிச்சே கொல்றாண்டி அந்த ஆளு!” என்றவள், ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். “வெர்னன் சார்! அறையாதீங்க! சும்மா தொட்டு விடுங்க. மிச்சத்த அதுவே பாத்துக்கும்!”

கதவு மறுபடியும் திறந்தது. பிறகு அந்த வண்டியின் நான்கு கதவுகளுக்கும் உரிய சத்தம் கேட்டது. துப். பஞ்சுத் தலையணை மேல் பூனை குதித்தது போல.

“அடேயப்பா!” என்றது வெளியே ஒரு கனத்த குரல்.

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் நிரம்பிய கிண்ணத்திலேயே அவள் மறுபடியும் தேநீர் ஊற்றியதை நான் பார்த்தேன். பதறாமல் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை புது வண்டி வருகிறது. கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பழையதை வாங்க வந்திருக்கும் இந்த அமெரிக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அக்காவின் கறுப்பு வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய் நசுங்கும்.

ஜப்பானில் எங்கள் நிஷியோ ஊரில் இசோகாய் கிமியேயைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. சுற்றுலாப் பேருந்தில் பயணிகளுக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவள், கணவன் இறந்த பிறகு இந்த வண்டியை வாங்கி மணப்பெண்களை ஏற்றிச் செல்லத் தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் மணப்பெண் போகும் வண்டி பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவாளாம். எதிரே வருபவர்கள்தான் ஒதுங்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் சாலையின் குறுக்கே மரம் விழுந்தபோது, கிமியே அக்கா வண்டியை ஒரு விரற்கடை கூடப் பின்னால் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் உடுத்தியிருந்த கல்யாணப் பட்டுடையோடு சேற்றில் இறங்கி, மரத்தை வெட்டி வழிவிட்டார்கள்!

அவள் கொண்டுபோய் விட்ட ஒரு பெண் மட்டும் விவாகரத்தாகித் திரும்பி வந்தாள். சந்தையில் அக்காவைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எங்கயோ கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்திருக்கீங்க” என்றாள். “நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன். ஆளப் பாத்தது நீதானே?” என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தேநீரோடு நாங்கள் கொட்டகைக்குப் போனோம். வெர்னன் ஹாஸ்கெட் ஆறடிக்கும் மேலே வளர்ந்த வழுக்கைத் தலையர். முன்பு ஆறு வருஷம் இங்கே பள்ளி ஆசிரியராக இருந்ததால் எங்கள் மொழியை நன்றாகப் பேசுவார். இப்போது அமெரிக்காவின் ஒஹையோவில் வண்டிக் கடை. இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஜப்பான் வண்டிகளை அங்கே இறக்கி விற்பவர். கைநிறைய வேர்க்கடலைச் சாக்லேட் பெட்டிகளோடு வந்திருந்தார்.

வண்டி கண்ணாடி போல மின்னியது. முழு அலங்காரத்தில் காட்ட வேண்டும் என்ற ஆசையில், அக்கா அதன் முகப்பில் சிவப்பும் வெள்ளையுமான கல்யாணக் கயிற்றைக்கூடக் கட்டியிருந்தாள்.

“அழகாத்தான் இருக்கும்மா. ஆனா சீட்டு தோல் இல்லியே? கம்பளித் துணியால்ல இருக்கு? எங்க ஊர்ல பெரிய வண்டின்னா தோல்தான் கேப்பாங்க.”

“தோலு அசைஞ்சா கிறீச்சுங்கும் சார். பொண்ணு தாய்வீட்ட நெனச்சு அழுதுட்டிருக்கறப்ப, அடியில கிறீச் கிறீச்சுன்னா நல்லாவா இருக்கும்?”

“கூரைல என்ன, பொட்டி மாதிரி ஒரு மூடி?”

“கல்யாணக் கொண்டை அவ்ளோ உசரம். குனிஞ்சா கலஞ்சிரும். கூரையத் தூக்கிட்டா, பொண்ணு குனியாம மகாராணி மாதிரி ஏறுவா.”

வெர்னன் தாடையைத் தடவினார். “இதப் பத்தவச்சு மூடிறணும். துணிய உரிச்சுத் தோல் போடணும். லேஸ் திரையக் கழட்டணும். அப்பதான் அமெரிக்காக்காரன் திரும்பியாவது பாப்பான்.”

அக்காவின் முகம் சிவந்தது. “அப்ப நீங்க கெளம்புங்க சார்.”

“அக்கா!” என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

“விடுடி. மூக்க அறுத்தா பொண்ணப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவாங்க? அதுக்கு இங்கயே நசுங்கிப் போகட்டும்!” கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

“கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க ஊர்ல மொதலாளியே வண்டி ஓட்டுவான். இதுல சுகமெல்லாம் பின்சீட்டுல இருக்கு. அங்க யாரு உக்காருவா? நாய்தான்!”

“நீங்க உக்காந்து பாத்தீங்களா?”

அவர் விழித்தார். அக்கா கூரை மூடியைத் தூக்கிக் கதவைத் திறந்தாள். வெர்னன் பழக்கத்தில் குனிந்தார். “நிமிருங்க சார்!” என்று அதட்டினாள். நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே உள்ளே நுழைந்தார்.

“இந்த நாட்டுல நான் தலை இடிக்காம நுழைஞ்ச மொத வாசல் இதுதாம்மா” என்றார் மெதுவாக.

நான் முன்னால் ஏறிக்கொண்டேன். அக்கா ஓட்ட, வண்டி தெருவில் இறங்கியது. கயிற்றை அவிழ்க்க மறந்தது எங்கள் மூவருக்கும் உறைக்கவே இல்லை.

குறுகலான கோயில் சந்தில் எதிரே ஒரு சரக்கு லாரி வந்தது. அக்கா பின்னால் எடுக்கக் கை நீட்டுவதற்குள், லாரிக்காரன் முகப்பைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சந்து முழுக்கப் பின்னாலேயே போனான்!

“அவன் எதுக்கு இப்படிப் போறான்?” என்றார் வெர்னன்.

அக்கா பதில் சொல்வதற்குள் ஜன்னல்கள் திறந்தன. “பொண்ணு வண்டி! பொண்ணு வண்டி!” கல்யாண வீட்டார் மிட்டாய் வீசுவது எங்கள் ஊர் வழக்கமல்லவா? பெண்கள் பைகளோடு ஓடி வந்தார்கள். தோஃபு கடைக்காரர் சுசுமுரா கையில் தோஃபு வாளியையே கொண்டுவந்தார்.

லேஸ் திரை விலகியது. பளபளவென்று வழுக்கைத் தலை தெரிந்தது.

சுசுமுரா வாளியோடு எட்டிப் பார்த்தார். “ஏம்மா கிமியே, பொண்ணு கொஞ்சம் வளந்துருச்சே! கொண்டைய வீட்லயே விட்டுட்டு வந்துட்டாளா?” என்றார். அவ்வளவுதான், தெருவே சிரிப்பில் குலுங்கியது.

அக்கா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். வெர்னனோ கதவைத் திறந்து, கூரை மூடியைத் தூக்கி, படியில் எழுந்து நின்றார். சாக்லேட் பெட்டியைப் பிரித்து வாரி வாரி வீசினார்! பைகள் நிரம்பின, வாளி நிரம்பியது. “மாப்ள யாரு?” என்று ஒருத்தி கத்த, “அமெரிக்கால தேடிட்டிருக்கேன்!” என்று இவர் கத்தினார்.

வீடு திரும்பியதும் அக்கா தெருவிலேயே நிறுத்தினாள். “எறங்குங்க சார். கொட்டகைல பின்னால எடுத்துத்தான் நிறுத்தணும். பொண்ணு உள்ள இருக்கறப்ப நான் எடுக்க மாட்டேன்.”

வெர்னன் சிரிக்கவில்லை. அப்போதுதான் தொடங்கிய தூறலில் இறங்கி நின்று, அவள் வெறும் வண்டியைப் பின்னால் நகர்த்தி, முகம் தெருவைப் பார்க்க நிறுத்தும் வரை காத்திருந்தார்.

“கூரைய மூட மாட்டேம்மா. துணி, திரை, கயிறு, எல்லாம் இப்படியே வரட்டும்.”

“யாரும் வாங்கலேன்னா?”

“ஒரு அமெரிக்காக்காரனுக்குப் பிடிச்சிருச்சு. மத்தவங்கள வாடகைக்குப் பின்சீட்டுல ஏத்துறேன். லாரி ஒதுங்கலேன்னாலும் அவங்க தலை நிமிரும்.”

ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்கு ஓட்டிப் போக வந்தார். அக்கா புதுக் கயிறு கட்டியிருந்தாள். ஒஹையோ பழக்கத்தில் அவர் இடது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைக் காணாமல் திகைத்தார். “இன்னும் பொண்ணாவே இருக்கீங்களா?” என்று அக்கா கேட்க, சுசுமுராவின் சிரிப்பு எதிர்க் கடையில் கேட்டது.

வலது பக்கம் போய் உட்கார்ந்தார். அக்கா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் மகளை நல்ல இடத்தில் கொடுத்த தாயைப் போல அவள் முதுகு நேராக இருந்தது.

“துறைமுகம் போய்ச் சேர்றவரைக்கும் பின்னால எடுக்காதீங்க. நேராப் போங்க.”

“நேராத்தாம்மா போவேன்.”

இரண்டு விரல்களால் அவள் கதவைத் தொட்டு விட்டாள்.

துப்.