கொல்லும் எண்ணம்

அந்தக் காலையைப் பற்றிக் கேட்டால் பட்டு நெசவாளி திருஞானசம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

"தெரு முழுக்கக் கிளிப்பச்சைப் பாவு, சார். வெயில் பட்டு மினுங்கிக்கினு இருக்குது. நூல் மேலயே நான் மெதக்கற மாதிரி இருந்துது. அப்பதான் முனிசாமி சைக்கிள் உள்ளாற வந்துது."

முனிசாமி செவிலிமேட்டுப் பால்காரன். தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவில் சைக்கிள் புகுந்து, சக்கரத்தில் சிக்கிப் பட்டு இழைகள் அறுந்தன. சம்பந்தம் ஓடிப்போய் ஒரே தள்ளு. விழுந்தவனின் தலை வாசற்படிக் கல்லில் மோதியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. அது அறுபத்தேழாம் வருஷம்.

மூன்று வருஷம் தண்டனை முடிந்து வந்தவரைத் தெரு சேர்த்துக்கொண்டது; தறியும் கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்குச் சாமி தூக்க மட்டும் விடவில்லை. ஜெயிலுக்குப் போகும்வரை இருபது வருஷம் பல்லக்குத் தண்டில் முன் தோள் அவருடையது. அது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கொலைகாரன் தோள்ல சாமி வராதுப்பா. கொலை இல்லேன்னு கோர்ட்டுக் காகிதம் கொண்டா, பார்க்கலாம்" என்றார் தெருப் பெரியதனக்காரர் வீரபத்திரன்.

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா. தன் வழக்கின் ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிச் சம்பந்தம் என்னிடம் வந்தார். ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டேன்; ஐந்து நாள் பழைய அகராதிகளைக் குடைந்தேன். 'மர்டர்' என்பது ஆதியில் மறைத்துச் செய்த கொலை மட்டும்தானாம். ஊர் பார்க்கச் செய்தால் அதற்கு வேறு பெயர். பின்னால்தான் சட்டம் மனசுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லையென்றால் சாவு விளைவித்த குற்றம், கொலை ஆகாது. எனக்கு இது ரொம்ப அழகாகப் பட்டது. இதில் போய் அழகு பார்க்கிறீர்களே என்று என் மனைவி திட்டினாள்.

நான் எழுதிக் கொடுத்த தீர்ப்பை வீரபத்திரன் இரண்டு முறை படித்தார். "கொல்ற எண்ணம் இல்லேன்னு தெளிவா இருக்குது. வந்து தோள் குடுப்பா."

உத்திரத்தன்று சம்பந்தம் நீறு பூசி, புது வேட்டி கட்டி வந்தார். நாதஸ்வரம் கிளம்பியது. தண்டை நோக்கிப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"சார், அவன் விழுந்தப்ப ஒரு நொடி எனக்கு சந்தோஷமா இருந்துது. கோர்ட்டுல யாரும் அதக் கேக்கல. உங்க காகிதத்துல அதுக்கு என்ன பேரு?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பயம். "போங்க, போய்த் தோள் குடுங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. பல்லக்கு அவரைத் தாண்டிப் போயிற்று.