விற்காத கம்பெனி

எண்பதுகளின் பிற்பாதியில், கடைகளுக்கு பில், சரக்குக் கணக்கு பார்க்கும் மென்பொருள் செய்து விற்ற ஒரு சின்னக் கம்பெனியில், சென்னையில் வேலை பார்த்தேன். முதலாளி சொந்தப் பணம் போட்டு நடத்திய கம்பெனி. வாங்கியவர்கள் தாங்களே ஓட்டிப் பழகும்வரை ஊரை விட்டு வரக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அப்படித்தான் சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் என்னை அனுப்பினார். நான் கும்பகோணத்துக்காரி, கல்யாணம் ஆகவில்லை.

கடைக்குப் பின்னால் கம்ப்யூட்டர்; மாடியில் எனக்கு ஓர் அறை. சுற்றிலும் விசைத்தறிகள். கரண்ட் போனால் அத்தனையும் ஒரே மூச்சில் நின்று, தெருவில் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கும். எனக்கு மட்டும் பேச ஆளில்லை. டீ குடிக்கும் இடத்துக்கு நான் போனால் குமாஸ்தாக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் வயதான ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"ஏம்மா, இது ஓட ஆரம்பிச்சா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாவளா?"

"அதெல்லாம் இல்லைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் நிச்சயமில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார யாரும் வரவில்லை. மாதங்கள் போயின. ஆடித்தபசுத் திருவிழா அன்று கடை அடைத்திருந்தது. கோயிலுக்குப் போகும் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வியாபாரியின் மருமகள் மேலே வந்தாள். பி.காம். படித்தவள்.

"அக்கா, ஒத்தையில நின்னு என்ன செய்தீய? வாங்க, சாமி பாத்துட்டு வருவோம்."

திரும்பி வரும்போது கேட்டாள்: "அந்த மெஷின எனக்குச் சொல்லித் தருவியளா?"

அவளுடைய மாமனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டுப் பொம்பள கடையில உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"அந்த நாலு பேரா மாமா வந்து பில்லு போடுதாவ?"

அவர் சிரித்துவிட்டார். தீபாவளி வியாபாரத்துக்கான பில் முழுவதையும் அவளே போட்டாள். குமாஸ்தாக்கள் யாருக்கும் வேலை போகவில்லை. அவளோடு பேசிச் சிரித்த அந்தச் சில மாதங்கள் மட்டும்தான் அந்த ஊரில் நான் தனியாக இல்லை. அவள் தேறிவிட்டதால் நான் கிளம்ப வேண்டியதாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு அவளால் வர முடியவில்லை, கடையில் கூட்டம்.

பிறகு கடையநல்லூர், ராஜபாளையம், ஈரோடு என்று ஊர் ஊராகப் போனேன். எங்கும் அதே கதைதான்: யாராவது நெருங்கி வரும்போது வேலை முடிந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள், "எப்பவும் ஊர்ல இருக்கிறதில்லையாமே" என்று விலகிப் போனார்கள். பெரிய கம்பெனி ஒன்று எங்களை விலைக்குக் கேட்டபோது முதலாளி மறுத்துவிட்டார். "வித்துட்டா, நாளைக்கு ஒரு கடைக்காரர் கூப்பிட்டா யாரு போய் நிப்பா?" என்றார். நான்தான் போய் நின்றேன்.

கம்பெனி வளர்ந்தது. இன்றும் அவர் குடும்பத்திடமே இருக்கிறது. வாங்கிய கடைகள் எங்களை விட்டுப் போகவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து அந்த மருமகள் சந்தேகம் கேட்டு வருடக்கணக்காகப் போன் செய்தாள். முதலில் "அக்கா இருக்காவளா?" என்றுதான் கேட்பாள். ஒருநாள் நான் சென்னை ஆபீஸில் இருந்தபோது, பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் போனை எடுத்தாள். சங்கரன்கோவில் கடைதான். மருமகள் என்னைக் கேட்காமல் அந்தப் பெண்ணிடமே சந்தேகத்தைக் கேட்டாள், பதில் கிடைத்தது, வைத்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அன்று மத்தியானம் சாப்பிடக் கீழே போகத் தோன்றவில்லை.