பின் சக்கரத்து லைனிங்

பட்டறையில் நான் இருந்தேன். டாக்சி ஓட்டும் செல்லையா அண்ணாச்சி இருந்தார். சோறு கொண்டுவந்த அவர் மனைவி இருந்தாள். வேறு யாருமில்லை.

பின் பிரேக்குக்கு லைனிங் இரண்டு வகை வைத்திருந்தேன். ஒன்று மெதுவாகப் பிடிக்கும். மற்றது சட்டென்று கவ்வும்.

“ஐந்தருவி இறக்கம்லா, எதைப் போடலாம்லே?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“கவ்வுததப் போடுதேன். மதினி நிம்மதியாத் தூங்கட்டும்.”

“இவ குறட்டையில நான் எங்கன தூங்க?” என்று சிரித்தார்.

காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். சாரலை நினைக்கவில்லை. மறுநாள் நனைந்த இறக்கத்தில் பின் சக்கரம் முதலில் இறுகி, வண்டி சுழன்று மரத்தில் மோதியது. அண்ணாச்சி பிழைக்கவில்லை.

“நீ நல்லதத்தான போட்டுக் குடுத்த தம்பி,” என்று மதினி அழுதாள்.

மெதுவாகப் பிடிக்கும் அந்த லைனிங் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நாலு துண்டு.