அவர் கொடுத்த அரைப் புள்ளி

அந்த மனுசனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மாத்தளை டவுனில் சதுரங்கப் போட்டி. கடைசிச் சுற்றில் என் எதிரே உட்கார்ந்தவர் அங்கேயே துணிக்கடை வைத்திருப்பவர். நான் வென்றால் மாவட்ட அணியில் எனக்கு இடம். சமநிலையில் முடிந்தால் அந்த இடம் அவருக்கு. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அறிய அந்த அணியில் ஒரு பெண் இருந்ததில்லை.

பின்னேரம் அவருடைய ராணியை வெட்டிவிட்டேன். என் ராணி பலகையில் நின்றது. அப்போதுதான் மனுசனுக்கு என்மேல் அக்கறை பொங்கியது.

"டிரோ பண்ணிக்குவோமா தங்கச்சி? உங்க நாவுல ஊருக்குப் போற கடைசி பஸ் போயிருமே."

வேண்டாம் என்றேன். ஒரு காயை நகர்த்தினார்.

"பொம்பளப் புள்ள, பொழுது போனா எப்படிப் போவீங்க? டிரோ எடுத்துக்கங்க."

எடுத்துக்கங்களாம்! தோற்கிற ஆள் எனக்குப் பிச்சை போடுகிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நடுவரிடம் முறையிட்டேன். "நல்ல மனசுலதானே கேக்குறாரு மிஸ்" என்று சிரித்தார் அவர். இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

கடைசியில் அவரிடம் மிஞ்சியது மூலையில் பதுங்கிய ராஜாவும், அருகில் ஒரே ஒரு சிப்பாயும். ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஹாரன் அடிக்கிறான் தங்கச்சி, ஓடுங்க. டிரோன்னு எழுதிக்கலாம்."

"வாய மூடிட்டு வெளையாடுங்க!" என்று கத்திக்கொண்டே என் ராணியால் அந்தச் சிப்பாயை வெட்டினேன்.

மண்டபமே திரும்பியது. அவர் பலகையைப் பார்த்தார். பிறகுதான் நான் பார்த்தேன். அவருடைய ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. அப்படி நின்றால் ஆட்டம் சமநிலை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அந்தப் பாழாய்ப்போன சிப்பாயை விட்டுவைத்திருந்தால் வென்றிருப்பேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் முன்னால் அழமாட்டேன் என்று பல்லைக் கடித்தேன்.

நடுவர் இருவருக்கும் அரைப் புள்ளி போட்டார். மாவட்ட அணியின் புது ஆட்டக்காரர் எழுந்து, எனக்குக் கை நீட்டினார்.

"மொதல்லயே சொன்னேன்ல தங்கச்சி? கேட்டிருந்தா பஸ்ஸாவது கெடச்சிருக்கும்."

பஸ் போய்விட்டிருந்தது.