தொண்டையைப் பிடித்த எண்ணெய்

“...அதை இங்கன என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து சொன்னா எப்படித் தம்பி? அன்னைக்கு நாலு பேரு முன்னால நின்னுல்ல சொன்னீக.”

ராயப்பன்பட்டியில், அந்த அக்கா விரித்துப்போட்ட பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைத்தோட்டத்து துரை பங்களாவில் பத்து வருஷத்துக்கு மேல் ஆயா வேலை பார்த்தவர் அவர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சீசா ஆலிவ் எண்ணெய் இருந்தது. நான் கொண்டுபோனது. அதைக் கொடுத்து, ‘மனசுல வச்சுக்காதீக’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அந்த நாட்களில் நான் உத்தமபாளையத்தில் ஒரு சாமான் கடையில் வேலைக்கு நின்றேன். மலை பங்களாக்களுக்கு வேண்டிய சீமைச் சரக்கு எங்களிடமிருந்துதான் போகும். ஆலிவ் எண்ணெயில் மட்டும் மூன்று தினுசு வைத்திருந்தோம். தகர டப்பாவில் வருவது துரைமார் சாப்பாட்டு மேசைக்கு. சீசாவில் வருவது மருந்துக்கும், பச்சைப் பிள்ளைகளுக்கு உடம்பில் தேய்க்கவும். பெரிய டின்னில் வருவது விளக்குக்கு. நான் அறிந்தது அவ்வளவுதான். சீசா எண்ணெயைக் காதுவலிக்கு விட்டுப் பார்த்திருக்கிறேன். டப்பா மூடியோடு வந்து மூடியோடு போகும்; உள்ளே இருப்பதை முகர்ந்ததுகூட இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்து விளக்கம் சொல்வேன். “இவன் எண்ணெயைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்ம தலை காஞ்சு போகும்ப்பா” என்று வாடிக்கைக்காரர் ஒருவர் சொல்வார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

மார்கழியில் ஒரு நாள் காலை அந்த அக்கா மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். கம்பளித் துணியில் சுற்றிய ஒரு டப்பா கையில். துரைசாணி சீமைக்குக் கப்பலேறிவிட்டாராம். போகும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

“நமக்கு இது சாப்பாட்டுக்கு ஆகாது தம்பி. மக பிள்ளை பெத்திருக்கா. இதை வச்சுக்கிட்டு, பிள்ளைக்குத் தேய்க்கிற சீசா ஒண்ணு குடுங்க.”

மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. நல்லெண்ணெயைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றால் கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால் இனிக்க வேண்டும். இதுவோ பச்சை நிறம். உள்ளே வெள்ளைவெள்ளையாகக் கட்டிகள். நக்கினேன். கசந்தது. போதாததற்குத் தொண்டையைப் பிடித்து இருமலையும் கொண்டுவந்துவிட்டது.

கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் வேறொரு தோட்டத்துக் கங்காணி. தை பிறந்ததும் இந்த அக்காவைத் தங்கள் பங்களாவுக்கு ஆயா வேலைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தவர். ஆட்கள் இருக்கிறார்கள் என்றதும் எனக்கு நாக்கு நீண்டுவிட்டது.

“ஏக்கா, நல்லதை ஊத்தி வச்சுக்கிட்டு, வேப்பெண்ணெயும் தேங்காண்ணெயும் கலந்து கொண்டாந்தா எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்துக் கடைக்கு வந்தவனா?”

அக்கா டப்பாவின் மேல் கையை வைத்தார். “எங்க மாதா கோயில் சாமியார், சாகக்கிடக்கிறவுகளுக்கு மந்திரிச்சுப் பூசுறது இந்த ஒலிவ எண்ணெய்தான் தம்பி. அதுல போயி நான் கலப்பனா?”

“அப்ப அந்தச் சாமியார்கிட்டயே கொண்டுபோயி மாத்திக்கங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு வெல்லமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உட்கார்ந்திருக்கிற இடத்தைவிட்டு எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப நீ தைக்கு வர வேணாம்த்தா. ஆயா கையிலதான் பங்களாச் சாவியே இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா டப்பாவை மறுபடி கம்பளியில் சுற்றினார். சீசா கேட்காமலே படியிறங்கிப் போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு பங்களாச் சமையல்காரர் வந்து, டப்பாவை உடைத்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்றார். எங்கள் அலமாரியிலிருந்த புது டப்பா, முத்திரை கலையாதது. திறந்தால் அதே பச்சை. நக்கினால் அதே கசப்பு, அதே இருமல்.

“இது கெட்டுப்போச்சு” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கடையில எத்தனை வருசமா நிக்கிறீரு? இதுதான்யா ஒசத்தி. ஆலிவ் பழத்தை ஆட்டுனதும் வர்ற முதல் எண்ணெய். தொண்டையைப் பிடிக்கலைன்னா எங்க துரை திருப்பி அனுப்பிருவாரு. பச்சையா இலை தழையை நறுக்கி, அது மேல இதை அப்படியே ஊத்திச் சாப்பிடுவாக. சீசாவுல இருக்கிறது சுத்தம் பண்ணுன எண்ணெய். அதுல வாசமும் கிடையாது, காரமும் கிடையாது. அதான் பிள்ளைக்குத் தேய்க்கத் தோது.”

“வெள்ளையாக் கட்டி கட்டுமா?” என்று கேட்டேன்.

“மார்கழிக் குளிருல மலைமேல எது கட்டாது? அடுப்புப் பக்கத்துல வச்சு உருக்கித்தான் ஊத்துவோம்.”

அன்றே ராயப்பன்பட்டிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று பொங்கலையும் தாண்டவிட்டேன். பிறகுதான் அந்தச் சீசாவை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் அக்காவைப் பற்றிய பேச்சு மலை ஏறிவிட்டிருந்தது. இரண்டு பங்களாக்களில் வேலை கேட்டும், இரண்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வாசலில் மகள்தான் இதைச் சொன்னாள், இடுப்பில் பிள்ளையோடு.

நாலு பேர் முன்னால் சொன்னதை வீட்டுக்குள் வந்து சொல்வதா என்று அக்கா கேட்டதும், சீசாவை அவர் பக்கம் நகர்த்தினேன். “கங்காணியைத் தனியாப் பாத்து நானே சொல்லிருதேன்க்கா” என்றேன்.

“தனியாவா? என்னைய ஏசும்போது தனியா வச்சா ஏசுனீக?” என்றார். குரல் ஏறவே இல்லை. “இன்னைக்குச் சந்தை. கங்காணி கடைக்கு வருவாருல்ல?”

“வருவாரு.”

“மத்தவுகளும் நிப்பாகல்ல?”

தலையை ஆட்டினேன்.

அக்கா எழுந்தார். நான் கொண்டுபோன சீசாவைத் தொடவில்லை. உள்ளே போய்க் கம்பளி சுற்றிய டப்பாவை எடுத்துவந்தார். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் டப்பாவை ஏற்றினார். நான் எழுந்தேனா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் வாசலில் இறங்கி, உத்தமபாளையம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.