கச்சாலின் மேற்குக் கரை

திரௌபதி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கச்சால் தீவைப் பற்றி அடி அண்ணாமலையில் அவள் அளவுக்குத் தெரிந்தவர் எவருமில்லை. கணவன் வேடியப்பன் கொத்தனார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காண்ட்ராக்டர், நிக்கோபாரிலுள்ள அந்தத் தீவில் வீடுகள் கட்ட அவனை அழைத்துப் போயிருந்தார்.

நேரில் வாய் திறக்காதவன் கடிதத்தில் கொட்டித் தீர்ப்பான். தீவின் நடுவே மேடு, மேட்டில் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டுவது இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள். அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு டென்மார்க்காரன் வந்து காய்ச்சலில் மாண்டானாம், பிறகு வெள்ளைக்காரன், சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன். எல்லாருக்கும் முன்பிருந்தே தென்னந்தோப்புகளில் நிக்கோபாரிகள். 'மேற்குக் கரை தாம்பாளம் மாதிரித் தட்டை. ஞாயிற்றுக்கிழமை லீவு. விடிந்ததும் அங்கே இறங்கி மீன் வாங்கி வருவோம்.'

2004 டிசம்பர் 26 பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகத் திரௌபதி சுண்டல் அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து டீக்கடை மூர்த்தி ஓடிவந்தான்.

"அக்கா, கடல் பொங்கி ஊருக்குள்ள பூந்துடுச்சாம். மெட்ராஸு, நாகப்பட்டினம்... நிக்கோபாருன்னும் டிவில சொல்றான்."

"அதுல எந்தத் தீவு?"

"அதெல்லாம் சொல்லலக்கா."

அவன் தங்கும் கொட்டகை மேட்டில்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுகணமே, இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது.

மறுநாள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ். குமாஸ்தா ராமகிருஷ்ணன் சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். நிக்கோபார் இருக்குமிடத்தில் நாலைந்து புள்ளிகள்தான்.

"இதுல எங்கம்மா இருந்தாரு?"

அவள் காகிதம் கேட்டு வாங்கிப் படம் போட்டாள். "கிழக்கால இது படகுத்துறை. இது மேடு, எங்க வூட்டுக்காரரு கொட்டகை இங்க. இது மேற்கு..." பேனா அங்கேயே நின்றுவிட்டது. "இங்க எறங்கியிருந்தா இன்னா சார் ஆவும்?"

அவர் காகிதத்தைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். "போர்ட் பிளேருக்குக் கேட்டுப் பாக்குறேம்மா."

தினமும் போனாள். தினமும் பட்டியல் நீண்டது, அவன் பெயர் எதிலும் இல்லை. கச்சாலில் ஆயிரக்கணக்கானோரைக் காணோம் என்று ஐந்தாம் நாள் பேப்பரில் வந்தது. அதற்குப்பின் தெருப் பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்த்தார்கள்.

பத்தாம் நாள் ராமகிருஷ்ணன் எழுந்து நின்று ரிசீவரை நீட்டினார். நிவாரண முகாமிலிருந்து வேடியப்பன்.

"ஏங்க, நெஜமா நீங்கதானா?"

"நான்தான். திரௌபதி, சின்னசாமி போய்ட்டான். எனக்கு ஜுரம். நீ படு, மீன் நான் வாங்கியாறேன்னு எறங்கிப் போனான்."

சின்னசாமி அவனோடு ஒரே கொட்டகையில் இருந்த செங்கத்துக்காரன்.

பொங்கல் கழித்து ஊர் வந்தவன் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. செங்கம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் திரௌபதி, "நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன்" என்று கிளம்பினாள். பின்னாலேயே அவனும் பஸ் ஏறினான்.

சின்னசாமியின் அம்மா ஜோதியம்மாள் அழவில்லை. "அந்த எடத்தச் சொல்லுப்பா. போயி ஒரு பிடி மண்ணாவது எடுத்தாறேன்."

வேடியப்பன் தலை நிமிரவில்லை. திரௌபதிதான் சொன்னாள்: "பூகம்பத்துல தரையே எறங்கிடுச்சும்மா. அந்தக் கரை இப்போ தண்ணிக்குள்ள இருக்குது."

கிழவி கேட்டாள்: "காலைல எதனா சாப்புட்டானா?"

"டீ மட்டும் குடிச்சாம்மா. எனக்குக் கஞ்சி வச்சிட்டுத்தான் போனான்."

அப்போதுதான் அவள் உடைந்தாள். அவனும்.

அன்று அவர்கள் திரும்பவில்லை. அந்த வீட்டின் பின்சுவர் மழையில் சரிந்து கிடந்தது. மறுநாள் காலை வேடியப்பன் யாரிடமோ கொத்தனார் கரணை இரவல் வாங்கி வந்தான். திரௌபதி மண் குழைத்தாள். சுவர் எழும்ப நாலு நாள் ஆனது.