பந்தயத்துக்குப் போன எங்கள் கார்

லண்டன் ஹரோவில் எங்கள் பக்கத்து வீட்டு டெரிக், பழைய கார்களை மோதவிட்டு ஓட்டும் பந்தயக்காரர். லண்டனில் அவருடைய தகப்பனும் ஓட்டிய தடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது நகருக்கு வெளியே போய்த்தான் ஓட்டுகிறார். பழைய கார்களுக்கு நாள்தோறும் கட்டணம் கேட்கும் புகை விதியால் லண்டனில் ஓட்டிக் கட்டுப்படியாகாமல் போன எங்கள் காரை அவரிடம் கொடுத்தேன்.

“பிள்ளையை ஆஸ்பத்திரியாலை கொண்டுவந்த கார். அதை நொறுக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது,” என்றாள் மனைவி. நான் மட்டும் போனேன்.

கண்ணாடிகளையும் இருக்கைகளையும் கழற்றியிருந்தார்கள். புறப்படுமுன் டெரிக், எங்கள் தேசிக்காய்க்குப் பதிலாக, நான்கு பெரிய மஞ்சள் எலுமிச்சைகளை எடுத்துச் சக்கரங்களின் கீழே வைத்தார். அந்தக் காரை வாங்கிய அன்று நான் வாசலில் அப்படி வைத்ததைப் பார்த்திருக்கிறார்.

“முதல் ஓட்டத்துக்குத்தான் வைப்போம்,” என்றேன்.

“கடைசி ஓட்டத்துக்கு என்ன வைப்பீர்கள்?”

யோசித்தேன். ஒன்றும் வைப்பதில்லை.

இரண்டாவது வளைவில் கார் தடுப்பில் மோதி நசுங்கியது. காயமின்றி வெளியே வந்த டெரிக், கூட்டத்தைப் பார்க்காமல் அதன் கூரையைத் தட்டிக்கொடுத்தார்.

“எப்பிடி முடிஞ்சுது?” என்று மனைவி வீட்டில் கேட்டாள்.

“தேசிக்காய் வச்சுத்தான் அனுப்பினவர்.”

“அப்ப சரி,” என்றாள்.

இப்போது வேறு கார் ஓட்டுகிறேன். அதற்கும் கடைசியில் நான்கு பழம் வாங்க வேண்டும்.